யன்னலைப் பார்த்த ஏழு கதிரைகள்

சனி, 7 மார்ச்

காலையில் மழை, பிறகு சாம்பல் வானம். மூன்றாவது கூட்டம். ஆறு பேர். எல்லாரும் வீட்டில் மனைவி, பிள்ளை மேல் கை நீட்டியவர்கள். பாதிப்பேர் சின்ன வயதில் அடி வாங்கி வளர்ந்தவர்கள். வட்டமாகக் கதிரை, நடுவில் மெழுகுதிரி. சமூகப் பணியாளர் பிர்கிட் "இப்போது என்ன உணர்கிறீர்கள்?" என்று கேட்க, அவளோடு சேர்ந்து நடத்தும் நான் தமிழில் சொல்ல, ஆறு பேரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். அரை மணி நேரம் வீண்.

இடைவேளையில் பி.-இடம் சொன்னேன்: சரிவராது. முகத்துக்கு முகம் பார்த்து எங்கள் ஆட்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவள் யோசித்து முடிப்பதற்குள் கதிரைகளை ஒரே வரிசையாக யன்னல் பக்கம் திருப்பிவிட்டேன். வெளியே கார் தரிப்பிடம். எல்லாருக்கும் தேநீர்.

சிவா அண்ணை: "என்ன தம்பி, பஸ்சுக்கு இருக்கிற மாதிரிக் கிடக்கு."

சிரித்தார்கள். பத்து நிமிடம் கழித்து அதே சிவா அண்ணை, வெளியே நின்ற வெள்ளை வான் வண்டியைப் பார்த்தபடி: "அவளின்ர கையை நான்தான் முறிச்சனான். படியில விழுந்தது எண்டு டொக்டரிட்டச் சொல்ல வைச்சதும் நான்தான்."

ஒருவரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கதிரைக்காரர் தொடங்கினார்.

இந்த முறையை எங்கே படித்தாய் என்று பி. கேட்டாள். படிக்கவில்லை. அப்பாவின் கார். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு, போக நாற்பது நிமிடம். வீட்டில் அம்மாவுக்கு அடி, குறுக்கே போனால் எனக்கு. காரில் வேறு மனிதர். றோட்டைப் பார்த்துக்கொண்டு எல்லாம் கதைப்பார். அந்த நாற்பது நிமிடத்துக்காகவே சனிக்கிழமைக்குக் காத்திருப்பேன். இதை பி.-க்குச் சொல்லவில்லை.

திங்கள், 9 மார்ச்

வேலையில் சென்சர் சோதனை மூன்றாம் முறையும் தோல்வி. கேபிள். நான் முதலே சொன்னது.

புதிதாக ஏழாவது ஆள் பதிந்திருக்கிறார். பி. எனக்குத் தொலைபேசி எண்களை மட்டும் தருவாள், பெயர் இல்லை. எங்கள் ஆட்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாமல் இராது, அதனால் நானே போட்ட விதி. டெர்மினை, அதாவது கூட்ட நாளை நேரத்தை, தனித்தனியாக அனுப்ப வேண்டும் என்பது அவளுடைய விதி. ஏழு தரம் ஒன்றையே ஒட்டப் பொறுமை இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வட்ஸ்அப் குழு தொடங்கினேன். மடையன்.

சிவா அண்ணை உடனே போன் எடுத்தார். "தம்பி, எங்கட நம்பர் எல்லாத்தையும் கோயில் நோட்டீஸ் மாதிரி ஒட்டி வைச்சிருக்கிறீர்." குழுவை அழித்தேன். அதற்கு முன்பே ஒருவர் விலகிவிட்டார். ஏழாவது எண்.

மன்னிப்புக் கேட்க அந்த எண்ணைத் திறந்தேன். படத்தில் ஒரு சிறுவன். முதலாம் வகுப்பின் முதல் நாள், கையில், இந்த நாட்டில் அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இனிப்புக் கூம்பு, நீல நிறம், முன்பல் இரண்டு இல்லை.

அது நான்.

அப்பாவை விட்டு நானும் அம்மாவும் வெளியேறிப் பன்னிரண்டு வருடம். தானாகவே வந்து பதிந்திருக்கிறார். குழுவின் மேலே என் பெயரைப் பார்த்து ஓடியிருக்கிறார்.

செவ்வாய், 10 மார்ச்

குளிர். மதியம் வரை பதினொரு தரம் அந்தப் படத்தைப் பார்த்தேன். பிறகு படம் இல்லை, சாம்பல் வட்டம். வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்திருப்பார். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு செய்தி அனுப்பிப் பார்க்கலாம். அனுப்பவில்லை.

பி.-இடம் ஒப்புக்கொண்டேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரே குடும்பத்தில் ஒருவர் நடத்த மற்றவர் வந்து இருக்க முடியாது என்றாள், இரண்டில் ஒருவர்தான். அவர் திரும்ப வருவாரா? யார் வருகிறார், யார் வரவில்லை என்று சொல்ல மாட்டாள். அதுவும் நான் எழுதிய விதி.

புதன், 11 மார்ச்

அம்மா வீடு. லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா பதிந்ததைச் சொன்னேன். கத்தி நின்றது, பிறகு நறுக்கினார்.

"எனக்கு அவர் வேண்டாம். என்ர கதவடிக்கும் வரக்கூடாது. ஆனா அங்க போய் இருந்து கதைக்கப் போறாரெண்டா, நீ ஏன் நடுவில நிக்கிறாய்?"

எனக்கு வேண்டியவை:
– அந்தக் காரில் ஒரு தரம், நாற்பது நிமிடம்.
– செய்ததை அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். என்னிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.
– அவர் இருமும் சத்தம்.

மன்னிப்பு பட்டியலில் இல்லை.

வியாழன், 12 மார்ச்

விலகுகிறேன் என்று பி.-க்கு எழுதினேன். பிறேமன் நகரிலிருந்து வேறொருவர் வந்து நடத்துவார். அவருக்குக் குறிப்பு எழுதித் தரச் சொன்னாள்:

கதிரை ஒரே வரிசை, யன்னல் பக்கம். முதலில் தேநீர். அண்ணை, தம்பி என்று கூப்பிடட்டும், வெறும் பெயர் வேண்டாம். எந்த ஊர் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கக்கூடாது. ஒருவர் அழுதால் திரும்பிப் பார்க்கக்கூடாது. "ஆனா அவளும்..." என்று தொடங்கினால் நிறுத்த வேண்டும்.

மெழுகுதிரி வேண்டவே வேண்டாம்.

சனி, 14 மார்ச்

வெயில். இரண்டு மணிக்குப் போய் ஏழு கதிரை வைத்தேன். யன்னலைத் துடைத்தேன். கேத்திலில் தண்ணீர். அறைக் கதவின் திறப்பை பி.-இடம் கொடுத்தேன்.

வாசலில் சிவா அண்ணை, வழக்கம்போல் நேரத்துக்கு முன்பே. எங்கே போகிறேன் என்று கேட்டார். வேலை என்றேன்.

"பஸ்சே வரேல்லை, அதுக்குள்ள நீர் எழும்பிப் போறீர்."

கூட்டம் மூன்றிலிருந்து ஐந்து வரை. வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்க்கப் போட்டேன். ஐந்து இருபது: அப்பாவின் எண்ணில் சாம்பல் வட்டம். ஐந்து நாற்பது: சாம்பல். உடுப்பைக் காயப் போட்டேன். ஒற்றைச் சொக்ஸ் ஒன்றைக் காணவில்லை.

ஆறு ஐந்து: படம் வந்திருக்கிறது. நீலக் கூம்பு, பல் இல்லாத நான். பெரிதாக்கிப் பார்த்தேன். கூம்பில் ஒட்டிய ராக்கெட்டின் வால் கோணல். அப்பா வெட்டி ஒட்டியது.