பாலத்துக்கு அடியில் நின்ற லாரி

ஜூன் 4
எழுபது வயதில் என் கையால் எழுதும் முதல் நாட்குறிப்பு. விரல் வலிக்கிறது, மனது துள்ளுகிறது. ஊருக்குப் பின்னால் மலை இன்றும் புகைகிறது.

ஜூன் 6
முதியோர் வகுப்பில் எரிமலை பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் முடிகிறது. பூமிக்கு அடியில் பாறை உருகி மேலே ஏறுகிறதாம். நீர்த்த குழம்பு வழிந்து ஓடும். கெட்டிக் குழம்பு வாயுவை உள்ளேயே அடைத்து வைத்து, பிறகு வெடிக்கும். எங்கள் மலை இரண்டாவது ரகம்.
மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "உள்ளயே அடைச்சு வச்சு வெடிக்குமா? அப்போ நீங்களும் அந்த ரகம்தான்" என்றாள்.

ஜூன் 9
சாம்பல் கொட்டுகிறது. தகரக் கூரை தாங்காது. மருமகன் எங்களையும் மகளையும் தன் லாரியில் ஏற்றினார். இருட்டிவிட்டது, தூரம் போக முடியாது; எங்கே நிறுத்துவது? நான்தான் சொன்னேன் — வறண்ட ஓடையில், பாலத்துக்கு அடியில். சாம்பல் மேலே விழாது. நெருப்புக் குழம்பு பெரும்பாலும் ஆள் நடக்கிற வேகத்தில்தான் வரும் என்று நேற்றைய பக்கம் சொன்னது. வந்தால் எழுந்து நடந்துவிடலாம். படித்தவன் பேச்சு, எல்லோரும் கேட்டார்கள்.

ஜூன் 10
காலையில் அடுத்த பக்கம். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். மலைமேல் மழை பெய்தால் சாம்பல் சேறாகி ஓடை வழியே பாய்ந்து இறங்குமாம். அதை ஓடி ஜெயிக்க முடியாதாம். மலை உச்சியில் கருமேகம்.
"மாப்ள, வண்டிய எடுங்க."
"நேத்து நீங்கதானே மாமா இங்க நிறுத்தச் சொன்னீங்க?"
"நேத்து இந்தப் பக்கத்துக்கு நான் வரல."
மகள் சிரித்துவிட்டாள். யாரும் அசையவில்லை. அரைப் புத்தகக்காரனை எத்தனை தடவை நம்புவார்கள்? இறங்கிக் கரை ஏறி, கொட்டும் சாம்பலில் நின்றுகொண்டேன். இருமல் பிடுங்கியது.
"எடுங்க மாப்ள" என்றாள் மனைவி. "இல்லன்னா இது இருமியே போய்ச் சேந்துரும்."

ஜூன் 11
மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். நேற்று மதியம் சேறு வந்தது. இங்கே ஒரு துளி மழை இல்லை. பாறையும் மரமுமாக உருட்டிக்கொண்டு போனது. பாலம் இல்லை. மருமகன் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மாமா, டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

ஜூன் 12
சாம்பல் நின்றுவிட்டது. நாலு பேரும் இருக்கிறோம். இத்தனை நாள் கண் மூடாத மனைவி, பட்டப்பகலில் வகுப்பறை பெஞ்சில் குறட்டை விடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.