நாற்பது வீட்டுக்கு ஒரு வாசல்

2025 மார்ச் 3, திங்கள்

கடைக்கு எதிரே அடுக்குமாடி இன்று திறந்தாயிற்று. எட்டு மாடி, நாற்பது வீடு, உச்சியில் நீச்சல் குளம். வவுனியாவுக்கு வந்த வாழ்வு! பஸ் நிலையம் இடம் மாறிய பிறகு ஆறு மணிக்கே இந்த வீதி அடங்கிவிடும். இனி உயிர் வரும் என்கிறார் பக்கத்துக் கடை நாஸிம். என் தையல்கடையும் அவருடைய கட்டடம்தான். மெசினில் இருந்தபடியே யன்னல்களை எண்ணினேன். அத்தனைக்கும் திரைச்சீலை தைக்கக் கிடைத்தால் இந்தப் பிரேமிளாவைப் பிடிக்க ஏலாது.

ஏப்ரல் 9

கொழும்பிலிருந்து தைத்த சீலைகளே லொறியில் வந்து இறங்கின. அதுவும் மூன்று வீட்டுக்குத்தான். மற்ற வீட்டுக்காரர் எல்லோரும் வெளிநாட்டில். இலவு காத்த கிளி நான்தான்.

மே 20

நாலாம் மாடி ரீச்சர் கணவரின் சேட்டுகளை ஒடுக்கக் கொண்டுவந்தார். கதிர்காமநாதன் மாஸ்டருக்கு இருதய வருத்தம், நன்றாக இளைத்துவிட்டார். ஆஸ்பத்திரி கிட்ட என்று நோர்வேயிலிருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த வீடாம். நான் தைத்து முடிக்கும்வரை மாஸ்டர் வாசல் கதிரையில் இருந்து வீதியைப் பார்த்தார்.

"மேல எல்லா வசதியும் இருக்கு பிள்ளை. ஆர் வருகினம், ஆர் போகினம் எண்டுதான் தெரியேல்லை."

ஜூன் 17

மாஸ்டர் ஒவ்வொரு பின்னேரமும் வருகிறார். அவர் இருக்கும்போது எப்படிப் பூட்டுவது? ஏழரையாகிவிடுகிறது. என் வெளிச்சத்தைப் பார்த்து நாஸிமும் பூட்டுவதில்லை.

ஜூலை 11

மாஸ்டர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். பெட்டி லிப்டுக்குள் போகாது, கீழ் மண்டபத்திலும் வைக்கக்கூடாது, பிரேதம் வைக்கும் மலர்ச்சாலைக்குக் கொண்டுபோங்கள் என்று மாடி நிர்வாகம் சொல்லிவிட்டது. ரீச்சர் நேரே என் கடைக்கு வந்தார்.

"அவரை ஒரு வாசலால அனுப்போணும் பிள்ளை. உன்ர வாசலைத் தாறியோ?"

என் கண் வெட்டுமேசைக்குத்தான் போனது. ஆவணிக் கல்யாணங்களுக்கு மூன்று பிளவுஸ் வெட்டி வைத்திருக்கிறேன். பிரேதம் வைத்த கடையில் எந்தத் தாய் மணப்பெண்ணுக்குத் தைக்கக் கொடுப்பாள்? அந்த அம்மாவின் முகத்துக்கு முன்னால் இதையா யோசித்தேன் — வெட்கமாக இருக்கிறது.

நாஸிமைக் கேட்டேன். "இதுக்கும் கேக்கோணுமோ அக்கா? மெசினுகளை என்ர கடைக்குள்ள வையுங்கோ" என்றார்.

ஜூலை 13

மாஸ்டர் என் வாசலால் போனார். வீதி கொள்ளாத சனம். மாடியின் மற்ற இரண்டு குடும்பங்களும் வந்தன. அவர்கள் ஒருவரோடொருவர் முதன்முதலாகக் கதைத்ததே இங்கேதானாம்.

ஜூலை 21

மூன்று பிளவுஸும் தைக்காமலே திரும்பிப் போய்விட்டன. ஒரு தாய் அழுதுகொண்டே வாங்கிப் போனாள். கோபிக்க முடியவில்லை. எனக்கொரு மகள் இருந்தால் நானும் அப்படித்தான்... ஆனாலும் நெஞ்சு எரியுது. கடையை விடுறதோ?

ஆகஸ்ட் 10

மாஸ்டரின் முப்பத்தோராம் நாள். முதல் தடவையாக லிப்டில் ஏறினேன்.

செப்டெம்பர் 4

ஆறாம் மாடி அனோஜா கூறைச்சேலையோடு வந்தாள். தையில் கல்யாணம், பிளவுஸ் தைக்க வேண்டுமாம். செத்தவீடு நடந்த கடை, அம்மாவிடம் கேட்டாயா என்றேன்.

"அம்மாதான் அனுப்பினவா, அன்ரி. எங்கட வாசலும் இதுதானாம்."

அளவு நாடாவை எடுத்தேன். பின்னாலேயே தாயும் வந்து, மாஸ்டரின் கதிரையில் இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்குத்தான் பூட்டினேன்.