இடப்பக்கம் இழுக்கும் கார்கள்

ஜூன் 9, 2012. சனி

காலையிலிருந்து தூறல். விறைக்கிற குளிர். பழைய கார் கடைசியில் கைவிட்டது. நேற்று ஸ்பிரிங்வேல் றோட்டில், பச்சை விளக்கு விழுந்த பிறகு, கியர் விழாமல் நடுச்சந்தியில் நின்றது. பின்னால் ஹோர்ன் மழை. கராஜில் கண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கியர்பொக்ஸ் போயிட்டுது அங்கிள். இனி இதோடை மினக்கெடாதேங்கோ."

ஆகஸ்டில் மகள் அபிக்குப் பிள்ளை. சிட்னியில், பரமட்டாவில், அவளும் மருமகனும் தனிய. அவனுக்கு இரவு வேலை. நாங்கள் போய் நின்று பார்ப்பதாகச் சொல்லியாயிற்று. அதற்குள் கார் வேண்டும்.

எனக்கு விருப்பம் பின்பக்கம் நீண்ட வேகன் கார். பதிவாக, நிலத்தோடு ஒட்டி ஓடும். பின்னால் பிள்ளை வண்டில், பெட்டிகள், எல்லாம் கொள்ளும்.
மனைவி வசந்திக்கு அந்த உயரமான சின்னக் கிராஸ்ஓவர் கார். இடது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ததிலிருந்து பதிந்த காரில் ஏறி இறங்க அவளுக்குப் பெரிய பாடு.

என் கண்ணுக்கு அது குதி உயர்ந்த செருப்புப் போட்ட வேகன். சொன்னேன்.
"உங்களுக்குக் கார் ஓடுற சந்தோசம் வேணும். எனக்குச் சுகமா ஏறி இறங்கினாக் காணும்," என்றாள் வசந்தி.

பால், வெங்காயம், மருந்துக் குளிசை. கடைக்கு நடந்துதான் போகவேண்டும்.

ஜூன் 10. ஞாயிறு

ஸ்பிரிங்வேலில் பழைய கார் விற்கும் இடம். வெள்ளைக் கிராஸ்ஓவர், நான்கு வயது. ஓட்டிப் பார்த்தது:

இருக்கை உயரம். முன்னால் வீதி நன்றாகத் தெரிகிறது. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி. கீழே றோட் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியாது. ரவுண்டபௌட்டில் ஒரு பக்கம் சாய்கிறது. ஏற்றத்தில் மிக்ஸி போட்ட சத்தம். ஆனால் நெடுங்காலம் உழைக்கிற எஞ்சின், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

குறை: இடப்பக்கம் இழுக்கிறது. விற்கிற பெடியனிடம் சொன்னேன். சில்லுகளின் அலைன்மென்ட்டை நேராக்கித் தருகிறோம் என்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் வசந்தியிடம் கேட்டேன்.
"கார் பிடிக்கேல்லையோ?"
"கார் நல்லம்."
"பிறகென்ன?"
"நிப்பாட்டியிருந்த கார்களோடை உரசுற மாதிரிப் போனனீங்கள்."
"அதைத்தானே நானும் சொல்லுறன். இழுக்குது."

ஜூன் 16. சனி

வெயில். காற்று மட்டும் கத்தி. கிளென் வேவர்லியில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் தன் வேகனை விற்கிறார். நீலம். ஆறு வயது. ஒரே ஆள் ஓட்டியது, சேர்விஸ் எல்லாம் நேரத்துக்கு.

முதல் வளைவிலேயே பத்து வயது குறைந்தது எனக்கு. நினைத்த இடத்துக்குப் போகிறது. மேடு பள்ளம் கைக்கு வருகிறது, முதுகுக்கு வரவில்லை. பிரேக் அளவாகப் பிடிக்கிறது. இதுதான் கார்.

ஆனால் இதுவும் கொஞ்சம் இடப்பக்கம்.

திரும்ப வாசலில் விடும்போது முன் ரயர் றோட்டோரக் கரைக்கல்லில் உரசியது. ரீச்சர் குனிந்து ரிம்மைத் தடவினார். வெட்கமாகப் போயிற்று. கொழும்பில், மஸ்கட்டில், இங்கே, இவ்வளவு காலத்தில் ஒரு கீறல் வைத்தவன் இல்லை நான்.

வசந்தி கதவைப் பிடித்து, இருக்கையைப் பிடித்து, கடைசியில் என் தோளைப் பிடித்து இறங்கினாள்.

சாப்பிடும்போது கேட்டாள், "ரெண்டு காரும் ஒரே பக்கமோ இழுக்குது?"
வேகனைக் கழிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து ஏதோ கத்திவிட்டேன். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

ஜூன் 17. ஞாயிறு



கிராஸ்ஓவரை நேராக்கிவிட்டார்கள் என்று போன் வந்தது. போனோம். நான் ஓட்ட, வசந்தி பக்கத்தில், விற்கிற பெடியன் பின்னால். கடைத்தெருவில் பாதசாரிக் கடவை. வசந்தி "நிப்பாட்டுங்கோ!" என்று வீரிட்டாள். மிதித்தேன். முன்னால் ஒரு வியட்நாமியப் பெண், கையில் மரக்கறிப் பை. காருக்கும் அவருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. பொனட்டில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். ஏதோ சொன்னார். போய்விட்டார்.

"திடீரெண்டு வந்திட்டா," என்றேன்.
"திடீரெண்டு வரேல்லை," என்றாள் வசந்தி. கத்தவில்லை. "நடந்துதான் வந்தவ. என்ரை பக்கத்திலையிருந்து ஆறுதலா நடந்து வந்தவ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் காணேல்லை."

காரை ஓரமாக நிறுத்தினேன்.

"சோத்துக் கோப்பையிலையும் இடப்பக்கம் அப்பிடியே மிஞ்சிக் கிடக்கும். உங்களுக்குக் கறி பிடிக்கேல்லையாக்கும் எண்டு இருந்திட்டன்," என்றாள்.

திரும்பப் பெடியன்தான் ஓட்டினான்.

ஜூன் 18. திங்கள்

நித்திரை இல்லை. காலையில் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன். மற்றதையும் பொத்திப் பார்த்தேன். மணிக்கூடு தெரிகிறது. நாட்காட்டியின் சின்ன எழுத்துக்கூடத் தெரிகிறது. இவளுக்கு என்ன விசர் என்று ஆத்திரம்.

பிறகு குசினி யன்னலடியில் தேத்தண்ணியோடு நின்று, தேசிக்காய் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கிளிப்பையும் எடுத்து வாங்கோ," என்று வெளியிலிருந்து குரல். தலையைத் திருப்பினேன். மரத்துக்கு இடப்பக்கம் வசந்தி, உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு. கொடியில் அரைவாசி நிறைந்திருந்தது. அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

கிளிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நாளைக்குக் கண் டொக்டரிட்டைப் போவம்," என்றேன். "ஓம்," என்றாள்.

ஜூன் 22. வெள்ளி

மழை. செவ்வாய் கண் பரிசோதனை. கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். இடையிடையே நெடுநேரம் ஒன்றும் மின்னவில்லை. மெஷின் மெதுவானது என்று நினைத்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஸ்கேன். இன்று முடிவு.

டொக்டர் இளம் பெண். அவர் ஆங்கிலத்தில் சொன்னது: கண்ணில் பிழை இல்லை. மூளையில் பார்வைக்குரிய இடத்தில் சின்ன இரத்த அடைப்பு. சில மாதம் ஆகியிருக்கும். இடப்பக்கப் பார்வை இரண்டு கண்ணிலும் போய்விட்டது. இருட்டாகத் தெரியாது, அங்கே ஒன்றும் இல்லை என்றே மூளை நினைக்கும்.

மார்ச்சில் ஒரு நாள் மண்டை பிளக்கிற தலையிடி. குளிசை போட்டுப் படுத்தேன். அதுவாக இருக்கலாம்.

"திரும்பி வருமா?"
இவ்வளவு காலத்துக்குப் பிறகு பெரும்பாலும் வராது.
"கார் ஓட்டலாமா?"
கூடாது. அதை மட்டும் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

அபிக்கு வசந்தி போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் கேட்டது: "அப்பா, யூ குட் ஹாவ் கில்ட் சம்வன்." பிறகு அழுகை. "சொறி அப்பா. ஐ டிடன்ட் மீன் இட்."
அவள் சொன்னது சரிதான், யாரையாவது கொன்றிருப்பேன். போனை வசந்தியிடம் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

ஜூலை 1. ஞாயிறு

ஒரு வாரமாக ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது. இரத்தத்தை இளக்கும் குளிசை. பஸ். நூலகம். பத்திரிகையில் கார் பக்கம் வந்தால் மடித்து வைத்துவிடுகிறேன்.

சிட்னிக்குப் பிளேனில் போவோம் என்றேன்.
"போய்? பிள்ளையைக் கிளினிக்குக்கு ஆர் கொண்டுபோறது? கடைக்கு?" என்றாள் வசந்தி. "காரை நான் ஓடுறன்."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. கோயிலுக்கும் கடைக்கும் தவிர ஓட்டியதில்லை. ஃப்ரீவே ஏறியதே இல்லை. முழங்காலுக்குப் பிறகு ஸ்டியரிங்கையே தொடவில்லை.

"பழுதான கால் இடது. ஒட்டோமற்றிக்குக்கு வலது காணும். நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தனீங்கள்."

ஜூலை 7. சனி

வானம் வெளிப்பு. காற்றும் இல்லை. வசந்தி ஓட்ட, நான் இடப்பக்க இருக்கையில்.

முதலில் கிராஸ்ஓவர். நேரே போனது. நூல் பிடித்த மாதிரி. நேராக்கியதால்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது.

பிறகு ரீச்சர் வீடு. வேகன் இன்னும் விற்கவில்லை. ஓட்டப்போவது வசந்தி என்று அறிந்ததும் ரீச்சர் முகம் தெளிந்து சாவியைத் தந்தார். இதுவும் நேரே போனது. இதை யாரும் நேராக்கவில்லை.

வந்து நிறுத்திய பிறகும் அவள் இறங்கவில்லை.
"என்ன?"
"இது வேற மாதிரிக் கிடக்கு."
"எப்பிடி?"
"மற்றது ஏணியிலை நிண்டு ஓடுற மாதிரி. வளைவிலை பயமாக்கிடந்தது. இது நான் நினைக்கிற இடத்துக்குப் போகுது." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "இதைத்தானோ நீங்கள் இவ்வளவு காலமும் புலம்பினது?"

நான்தான் எதிர்த்துப் பேசினேன். "முழங்கால்? ஒவ்வொரு முறையும் என்னெண்டு இறங்குவீர்?"
"இறங்கிறது ஒரு நிமிசம். சிட்னி ஒன்பது மணித்தியாலம்."

சந்தோசப்பட்டிருக்க வேண்டும். நான் ஆசைப்பட்ட கார், நான் ஆசைப்பட்ட காரணத்துக்காகவே. நெஞ்சுக்குள் பொறாமை. என் மனைவி மேல். எழுதவே கூசுகிறது.

ஜூலை 14. சனி

வேகன் வாங்கியாயிற்று, வீட்டு வாசலில் நிற்கிறது. முதல் ஃப்ரீவே.
நான்: "கண்ணாடியைப் பாரும்! இப்ப ஏறும்! ஏறும் எண்டுறன்!"
அடுத்த வெளிவழியில் இறங்கி, ஓரமாக நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.
"கத்தினா நான் ஓட மாட்டன். எனக்கும் பயம்தான். உங்கடை பயத்தையும் சேத்து என்னாலை தூக்கேலாது."
மன்னிப்புக் கேட்டேன். திரும்ப ஏறினாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். நாலு வெளிவழி தாண்டினாள்.

ஆகஸ்ட் 3. வெள்ளி

விடியப் பனிப்புகார். சிட்னிக்குப் போகும் ஹியூம் நெடுஞ்சாலை. இட்லி, போத்தலில் தண்ணீர், அபி கேட்ட மிளகாய்த்தூள். அபிக்கு நேற்றே கால் வீங்கிவிட்டதாம், வெளிக்கிடச் சொல்லிவிட்டாள்.

வழியில் வொடொங்காவில் பெற்றோல். வசந்தி காலை நீட்டி உதறிக்கொண்டு நின்றாள். வலியா என்று கேட்டேன். இல்லையாம். பொய்.

மலைப்பகுதியில் ஒரு நீளமான லொறி. அதன் பின்னால் வெகுநேரம் ஊர்ந்தாள். பிறகு தானாகவே சிக்னல் போட்டு, வலப்பக்க வழிக்கு மாறி, மிதித்தாள். வேகன் முக்காமல் ஏறியது. அவளுடைய கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வளையலை மேலே ஏற்றிவிட்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

லொறியை முந்தி இடப்பக்க வழிக்குத் திரும்பிய பிறகு, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:
"லொறிக்கு இடம் விட்டுத்தானே வெட்டினனான்?"
"ஓம். நல்லா விட்டனீர்," என்றேன்.

முந்தும்போது லொறியை நான் காணவில்லை. இடப்பக்கம் சத்தம் மட்டும் கேட்டது.