ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்

நேற்று அஸர் தொழுதுவிட்டு வந்தபோது வாசலில் ஒரு பை கிடந்தது. உன் மனைவி ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். மௌத்தாகி அடக்கப்பட்டவரின் உடுப்புகளை வேண்டியவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதுதானே, எனக்கும் ஏதோ வந்திருக்கிறது என்று பிரித்தேன். உள்ளே இருந்தது உன் உடுப்பு அல்ல, என்னுடைய நீலக் கோடு போட்ட சேட். ஒட்டுமீசைக்குப் பூசும் பசையின் மணம் கழுத்துப்பட்டியில் இன்னும் இருந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அந்த நாளை உனக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் சொல்வேன், நீ இப்போது எழும்பிப் போக முடியாது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. குர்பானுக்கு அறுக்கவென்று ஆலையடிவேம்பில் ஒரு காளை வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு கல்முனைக்கு வந்துகொண்டிருந்தேன். உன் மனைவியின் ஊருக்குக் கிட்ட டயர் வெடித்தது. காளை மிரண்டதால் அதை இறக்கி, சந்திவரை நடத்திக்கொண்டு வந்தேன். காளை வாங்கியதற்கான கடிதம் லொறிக்குள்ளேயே கிடந்தது. அந்தக் கிழமை அந்த ஊரில் இரண்டு குர்பான் மாடுகள் களவு போயிருந்ததும், கடைக் கமராவில் விழுந்த கள்ளனின் படம் எல்லோருடைய போனிலும் இருந்ததும் எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் படத்தைப் பிறகு பார்த்தேன். அதே முன்வழுக்கை, அதே தாடி, அதே சரிந்த தோள். என் உம்மாவே பார்த்திருந்தாலும், "இவன் எப்ப அங்க போன?" என்றுதான் கேட்டிருப்பாள்.

யாரோ ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். என் கையில் இருந்த மாட்டுக் கயிற்றாலேயே என் கையைக் கட்டினார்கள்.

அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீ. நம் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தானே பெண் வீட்டுக்குப் போவான், நீயும் எட்டு வருடத்துக்கு முன் அங்கே போய்விட்டாய். சந்தித் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில், கையில் கிளாசோடு நீ உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. "மச்சான், இவங்களுக்குச் சொல்லுடா, நான் ஆரெண்டு!" என்று கத்தினேன்.

கூட்டம் உன் பக்கம் திரும்பியது. பள்ளிவாசல் மரைக்கார் முன்னுக்கு வந்து, "தம்பி, இவர ஒங்களுக்குத் தெரியுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "எனக்கு இவர ஆரெண்டு தெரியா" என்றாய். பிறகு ஒரு மிடறு குடித்தாய்.

பகிடிதான். எனக்குத் தெரியாதா? ஒன்றாம் வகுப்பிலிருந்து உன்னைப் பார்க்கிறேன், ஒரு பகிடிக்காக நீ உன் கலியாணத்தையே ஒரு மணித்தியாலம் பிந்த விட்டவன். ஆனால் அடிக்கிற கைக்கு அது தெரியாது. முதல் அடியில் சேட் பையைக் கிழித்தார்கள், இரண்டாவதில் முன்பல் போனது. சத்தத்துக்கு மிரண்ட காளை ஓட, அதன் கயிற்றில் கட்டுண்ட நானும் ஓடினேன். றோட்டோரம் நெல் காயப்போட்டிருந்த படங்குகள் மேலெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு போனது. நெல்லுக்காரப் பெண்கள் விளக்குமாற்றோடு பின்னால் வந்தார்கள். தேத்தண்ணி முழுவதையும் குடித்து முடித்து, கிளாசை வைத்துவிட்டுத்தான் நீ எழும்பினாய். "விடுங்க, விடுங்க, இது நம்மட ஆள்தான்" என்றாய்.

உண்மையான கள்ளன் ஒரு கிழமை கழித்துப் பிடிபட்டான். அவனுக்கு ஒரு அடியும் விழவில்லை, நேரே பொலிசில் கொடுத்தார்கள். அவனுடைய அடியை எல்லாம் நான் வாங்கி முடித்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டு வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்தாய், படம் எடுக்கப்போகிறேன் என்று வந்தாய். கலியாண வீடியோ எடுக்கிற கமராவை வைத்துக்கொண்டு, மாட்டுக் கள்ளனும் நல்லவனும் ஒரே முகத்தோடு ஊரைக் குழப்புகிற பகிடிப் படம். இரண்டு வேடமும் நீதான், கள்ளனுக்கு மட்டும் ஒட்டுமீசை. "கோவிக்காத மச்சான், ஒன்ன நல்லவனாத்தான் காட்டுறன்" என்று சொல்லி, கிழிந்த சேட்டையும் கேட்டாய், ஒரு மாட்டையும் கேட்டாய்.

நான் சிரித்த முகத்தோடு இரண்டையும் கொடுத்தேன். மாடு எதுவென்று உனக்குச் சொல்லவில்லை. என் மைத்துனரின் சிவத்த மாடு, பின்னால் போன எவரையும் அது சும்மா விட்டதில்லை. நீ படமெடுத்த வாய்க்கால் கரையில் வந்து நின்று பார்த்தேன். அது உதைத்த உதையில் நீ கமராவுக்கு முன்னால் பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தாய். என் பல்லுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் ஆறுதல். ஆனால் நீ மீசை நெற்றியில் ஒட்டியபடி எழும்பி, "கமராவ நிப்பாட்டாத!" என்று கத்தினாய். ஊர் உலகமெல்லாம் போனில் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்தது அந்தக் கட்டத்தைத்தான். உன்னைப் பழிவாங்கப் போய் உன் படத்தை ஓடவைத்தவன் நான்.

அதையும் பொறுத்திருப்பேன். கதைக்க முன் இரண்டு தரம் தொண்டையைச் செருமி, இடுப்புச் சாரனை ஒருதரம் இழுத்துவிடுகிற என் பழக்கத்தை நீ களவெடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்போது கல்முனைச் சந்தையில் நான் செருமினால் மீன்காரத் தம்பி சொல்கிறான், "காக்கா, அந்தப் படத்து ஆளப் போலயே செய்யிறீங்க!" நாற்பத்தாறு வருடம் என்னுடையதாக இருந்தது இப்போது உன்னுடையது.

பிறகு ஒரு நாள் நெஞ்சு நோவென்று படுத்தாய், எழும்பவில்லை. உனக்கென்று நான் யோசித்து வைத்திருந்தது இன்னும் எவ்வளவோ இருந்தது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் உன் மனைவியின் தம்பி எழும்பி நின்றான். "எங்கட மச்சான் ஆருக்கும் மனம் நோகச் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க" என்றான். "பொறுத்திட்டம்" என்று எல்லோரும் சொல்வதுதானே வழக்கம். நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் தொண்டை தன்பாட்டில் இரண்டு தரம் செருமியது, கை தன்பாட்டில் சாரனுக்குப் போனது. முன்னால் ஒருவரின் தோள் குலுங்கியது. பக்கத்தவர் குலுங்கினார். மரைக்கார் சால்வையால் வாயைப் பொத்தினார். அழுதுகொண்டு நின்ற உன் மைத்துனனும் சிரித்துவிட்டான். அதற்குள் இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார். சந்தூக்குப் பெட்டியில் படுத்துக்கிடந்தும் என்னை வைத்து நீ சிரிப்பெடுத்தாய். என் சொல் உள்ளேயே நின்றுவிட்டது.

நேற்றுச் சேட்டை விரித்துப் பார்த்தால், கிழிந்த பை தைக்கப்பட்டிருக்கிறது. நீலச் சேட்டில் வெள்ளை நூல், கோணல் மாணலாக. உன் மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"அது அவர்தான் தச்ச, காக்கா. நான் தச்சுத் தாறன் எண்டன், விடல்ல. நான்தான் தைக்கணும் எண்டாரு. ரெண்டு மாசமா அலுமாரிக்குள்ள கிடந்த. ஒங்களுக்கிட்டக் கொண்டு வர அவருக்கு வெக்கம்."

ஊரையே சிரிக்கவைத்த வாய் உனக்கு. என்னிடம் ஒரு சொல் சொல்ல அந்த வாய் வரவில்லை, ஊசியை எடுத்திருக்கிறாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் சவரப் பிளேட்டை எடுத்து நாலு தையலை வெட்டினேன். மிச்சத்தை ஏன் வெட்டவில்லை என்று கேட்காதே.

இப்போது அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பை பாதி தொங்குகிறது. பல் இருந்த இடத்தை நாக்கு தேடிப் போகிறது. சொல்லாத சொல் தொண்டையில் அப்படியே இருக்கிறது, அதை இங்கே யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

மறுமையில் நீ என்னைக் கண்டதும் கத்துவாய், எனக்குத் தெரியும். "மச்சான், சொல்லுடா, நான் ஆரெண்டு!" என்பாய். நான் உன்னை மேலும் கீழும் பார்ப்பேன். "எனக்கு இவர ஆரெண்டு தெரியா" என்பேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் உன்னை அப்படியே நிற்கவிடுவேன், ஒரு மிடறும் குறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு தொண்டையை இரண்டு தரம் செருமுவேன். நீ சிரிக்கக் கூடாது.