வெள்ளியில் மூன்று கொக்குகள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். மூன்று வருடமாக நீ போனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸம்மா கேட்டார். வெளியே நிற்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். பிறகு கீழ்வீட்டு டெய்லர்தான் வந்து கூட்டிப் போனார். பயப்பட ஒன்றுமில்லை. சொட்டு மருந்தை நானே விட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில் விழுகிறது.

கண் கட்டைப் பிரித்த அன்று அலமாரிக்கு மேலே அம்மாவின் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. மற்றதையெல்லாம் எடைக்குப் போட்டபோது தப்பியது. பழுப்பு அட்டை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். துடைத்தால் நல்ல கரும்பச்சைத் துணி. நாணல் நடுவே வெள்ளியில் மூன்று கொக்குகள். விரலை வைத்தால் இறகு ஒவ்வொன்றும் தட்டுப்படுகிறது. நாணல் அப்படியே வளைந்து பின்னட்டைக்கும் போகிறது. அங்கே ஒரு தண்ணீர்க் கோடு, அதன் ஓரத்தில் நகம் அளவு மீன். யாரும் திருப்பிப் பார்க்காத இடத்தில் போய் ஒருவர் மீன் வரைந்திருக்கிறார்!

"அட்டையத் தடவிக்கிட்டே இருக்கியே, உள்ள படிக்க மாட்டியா?" என்று அம்மாவைக் கேலி செய்வேன். "எழுதினவர் பேரு பெருசா போட்டிருக்கு. வரைஞ்சவங்க பேரு எங்கயும் இல்ல. நானாவது பாக்குறேனே" என்பாள்.

மறுநாளே பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை உட்கார வைத்துவிட்டு, "தாளெல்லாம் எப்பவோ போயிடுச்சு சார். அட்டை சிலது மட்டும் பிரிச்சு வச்சேன். அழகா இருந்துச்சு, தூக்கிப் போட மனசு வரல" என்றார். முன்பின் தெரியாதவருக்கு வராத மனசு எனக்கு வந்திருக்கிறது, பார்.

நான்கு அட்டைகள் கிடைத்தன. சாப்பாட்டு மேஜையில் எதிரே சாய்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மாதுளங்கிளை, பழம் வெடித்த இடத்தில் மட்டும் பொன் முத்துகள். பேச்சுத் துணைக்கு ஆகிறது என்று சொன்னால் சிரிப்பாய்.

உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன். அம்மா போன பிறகு வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் புத்தகம். தாங்க முடியவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல், இடத்தை அடைக்கிறது என்று உன்னிடம் கத்தினேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது. பதில் எழுத மனமில்லாவிட்டால் வெறும் உறை ஒன்று அனுப்பு. மேலே என் விலாசம் உன் கையெழுத்தில் இருந்தால் போதும். உள்ளே ஒன்றும் வைக்க வேண்டாம்.

உன் அப்பா