சட்டைக்குள் கிடந்த முத்துச்சரம்

மச்சாள்,

நீங்கள் போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து இன்று மூன்றாம் நாள். காலையில் உங்கள் மகள் வந்து விசுக்கோத்துத் தகரம் ஒன்றை என் மடியில் வைத்தாள். மூடியை நெம்பியதும் கற்பூர மணம் முகத்தில் அடித்தது. தினமும் சாமி அறையில் கண்ணை மூடிக் கும்பிடும் மணந்தான். அந்தத் தகரத்திலிருந்து வந்தபோது எனக்கு மூடியைத் தூக்கி எறியவேண்டும்போல இருந்தது. உள்ளே பஞ்சுக்கு நடுவில் உங்கள் முத்துச்சரம் கிடந்தது. காய்ந்த சோற்றுப் பருக்கை போல மஞ்சள் பாரித்து, இரண்டு முத்து வெடித்தும் போயிருந்தது.

"மாமி, இதைத் தேசிக்காய்ப் புளி விட்டு மினுக்கித் தாங்கோவன்," என்றாள்.

குத்துவிளக்கு மினுக்குவதுபோல நினைத்துவிட்டாள். எலுமிச்சைப் புளி பட்டால் முத்தின் தோலே கரைந்துபோகும் என்று உங்கள் மகளுக்குத் தெரியவில்லை. எனக்குச் சொல்லித் தந்த நீங்கள், பெற்ற பிள்ளைக்குச் சொல்லவில்லை.

மன்னாரில் முத்துக்குளிப்பு நடந்த வருடம் உங்கள் அப்பா அங்கே சுருட்டு விற்கப் போய், உங்கள் கலியாணத்துக்கென்று வாங்கி வந்த முத்துகள். நாலாம் வருடம் உங்கள் அவர் காய்ச்சலில் போக, தாலியோடு அந்தச் சரமும் கழன்றது. நான் உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டுக் கோப்பாய்க்கு வந்தபோது அது பெட்டிக்குள் கிடந்தது. ஒரு வியாழன் பின்னேரம் என்னை அறைக்குள் கூப்பிட்டு, சரத்தை என் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

"முத்து உடம்பிலை கிடக்கவேணும் மச்சாள். இல்லாட்டிச் செத்துப்போம். என்ரை கழுத்துக்கு இனி ஏலாது. நீர் போட்டு வைச்சிரும். பிள்ளைக்கு உயிரோடை குடுக்கவேணும்."

வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போம், கண்டால் ஊர் கதைக்கும், சட்டைக்குள் போடும் என்றீர்கள். எண்ணெயும் சந்தனமும் காய்ந்த பிறகுதான் போடவேண்டும், பொன் நகையோடு சேர்த்து வைக்கக்கூடாது, கழற்றியதும் பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து துடைக்கவேண்டும், கற்பூரம் கிட்டவும் வரக்கூடாது, வருடத்துக்கு ஒருமுறை புதுப் பட்டுநூலில் முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுக் கோக்கவேண்டும். எல்லாவற்றையும் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதினேன். பள்ளிக்கூடம் காணாமல் எழுத்துக்கூட்டிப் பழகிய கை. பிழை இருக்கலாம், விடுபட்டது ஒன்றுமில்லை. அதன் கீழே, போட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு கோடு.

முதலில் குளிரும். கோயில் வீதியைச் சுற்றி முடிய உடம்புச் சூடு ஏறிவிடும். வீட்டுக்கு வந்து கழற்றித் தந்தால், அந்தச் சூடு ஆறுமுன் இரண்டு கையாலும் பொத்தி வைத்துக்கொள்வீர்கள். பார்க்க எனக்கு நெஞ்சு இளகும். அப்படி இளகியதால்தான் இன்றைக்கும் இவ்வளவு கோபம்.

அந்த வெள்ளியை எப்படி மறப்பேன்? கோயிலால் வந்து கால் கழுவக் கிணற்றடியில் குனிந்தேன். சரம் சட்டைக்கு வெளியே விழுந்தது. உங்கள் அம்மா கண்டுவிட்டார்.

"என்ரை பிள்ளை தாலி அறுத்துப்போட்டுக் கிடக்கிறாள். உவள் அவளின்ரை முத்தைக் களவாய்ப் போட்டு மினுக்கிக்கொண்டு திரியிறாள்."

முருங்கை மரத்தடியில் நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு தலையைக் குனிந்து, சுளகைத் திரும்பவும் தட்டினீர்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பொழுதுபடக் குசினிக்கு வந்து, "நான் வாய் திறந்திருந்தா அம்மா என்னை என்ன நினைச்சிருப்பா?" என்றீர்கள்.

"என்னை என்ன நினைப்பா எண்டு யோசிச்சனீங்களோ?" என்றேன்.

உங்கள் தம்பி ஒரு மாதம் என் முகம் பார்க்கவில்லை. கொப்பியைத் தூக்கி எல்லாருக்கும் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால், முத்துக்கு ஆசைப்பட்ட கைம்பெண் என்று உங்களை ஊர் கிழித்திருக்கும். அதனால் வாயை மூடினேன். எனக்காக நீங்கள் திறக்காத வாயை, உங்களுக்காக நான் மூடினேன்.

சரம் அன்றைக்கே இந்தத் தகரத்தில் அடைபட்டு உங்கள் அம்மாவின் பெட்டகத்துக்குப் போனது. கற்பூரம் போட்டு அடைத்தவர் அவர். பார்த்துக்கொண்டு நின்றவர் நீங்கள். மகளின் கலியாணத்தன்று ஒருநாள் வெளியே வந்தது, திரும்பத் தகரத்துக்குள் போனது. போட்டுத் திரி பிள்ளை என்று அவளிடமாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று அவள் கேட்டிருப்பாள், கேள்வி என்னில் வந்து முடிந்திருக்கும். அதற்குப் பயந்து முத்தையே சாகவிட்டீர்கள்.

"நீங்கள் இதை ஒருக்கால் களவாய்ப் போட்டுப் பிடிபட்டனீங்களாமே மாமி? அம்மம்மா சொல்லிச் சிரிப்பா," என்றாள் இன்று. அவள் மனத்தில் வஞ்சகம் இல்லை, பகிடியாகத்தான் கேட்டாள்.

"அப்ப கொம்மா என்ன சொல்லுவா?"

"அம்மா ஒண்டும் சொல்லமாட்டா. எழும்பிப் போயிடுவா."

எழும்பிப் போய்விடுவீர்களாம். இத்தனை வருடமும் எழும்பிப் போய், கடைசியில் ஒரேயடியாகவும் போய்விட்டீர்கள்.

கொப்பியை எடுத்து வந்து அவள் முன்னால் விரித்தேன். நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். உங்களைக் காட்டிக்கொடுத்தேன் என்றால் அப்படியே இருக்கட்டும். அவள் கோடுகளில் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினாள். கோடுகள் நின்ற இடத்தில் விரலும் நின்றது.

"இனி மினுங்குமோ மாமி?"

"தெரியாது பிள்ளை. போட்டுத்தான் பாக்கவேணும்."

"அப்ப முதல் நீங்கள் போடுங்கோ."

கழுத்தில் கொளுவினேன். பழக்க தோஷத்தில் கை சரத்தைச் சட்டைக்குள் தள்ளப் போனது. உங்கள் மகள் என் கையை விலக்கி, சரத்தை வெளியே எடுத்து விட்டாள்.

நாளைக்கு வெள்ளி. இப்படியே கோயிலுக்குப் போவேன். உங்களுக்கு நல்ல கதி கேட்டுப் பிள்ளையாரைக் கும்பிடுவேன், கோபம் ஆறாமலேதான் கும்பிடுவேன். எழுதுகிற இந்த நேரமும் சரம் கழுத்தில் கிடக்கிறது. சூடு ஏறிவிட்டது. கழற்றித் தந்தால் பொத்தி வைக்க உங்கள் கைகள்தான் இல்லை.