மீன்கூடை போட்டு இடம் பிடித்த மோட்டார் சைக்கிள்

சார்,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை தாம்பரம் மார்க்கெட் வாசலில் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளை முகர்ந்து பார்த்தேன். பக்கத்தில் போய், குனிந்து, சீட்டில் மூக்கை வைத்து. புத்தம் புது வண்டி. முன்னால் சாமந்தி மாலைகூட வாடவில்லை. நிமிர்ந்தால் வண்டிக்காரர் நிற்கிறார்.

"இன்னாம்மா பண்றே?"

"ஒண்ணுமில்லபா, கெட்டுப்போச்சான்னு பாத்தேன்."

இத்தனை வருஷமாக மீன் விற்ற வாய், அவசரத்துக்கு வேறென்ன வரும்?

கெட்டுப்போகவில்லை சார். ஆனால் வாசனை பாதிதான் சரியாக இருந்தது. ரெக்சின் இருந்தது, பெயிண்ட் இருந்தது. மீன் இல்லை. உங்கள் வண்டியில் அதுவும் இருந்தது.

அதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு அம்மாள் சங்கரா மீன் கேட்க, காரப்பொடி மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டேன். கோவளம் பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். இப்போது இதை எழுத உட்கார்ந்தால், இரண்டு வரிக்கு ஒரு தரம் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

உங்கள் தெருவில் விலை கேட்காமல் மீன் வாங்கிய ஒரே ஆள் நீங்கள்தான். மற்ற வீடுகளில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், வயிற்றை அழுத்துவார்கள், பாதி விலை கேட்பார்கள், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவார்கள். நான் கூடையைத் தூக்குவேன். "சரி சரி, வையி" என்று கூப்பிடுவார்கள். அது ஒரு சந்தோஷம். நீங்களோ சொன்னதைக் கொடுத்துவிட்டு "தேங்க்ஸ்மா" என்பீர்கள். அதற்கப்புறம் எனக்கே மனசு கேட்காமல் நானே குறைப்பேன். என்னோடு நானே பேரம் பேச வேண்டியிருந்தது சார். என்ன பேஜார் தெரியுமா அது?

நீங்கள் வண்டி வாங்கிய வருஷம்தான் உங்கள் வீட்டம்மாவை, அதான் டீச்சரை, படப்பைப் பள்ளிக்கு மாற்றினார்கள். பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாத காலம். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கினார். வெள்ளிக்கிழமை வருவார், ஞாயிறு சாயங்காலம் போவார். திங்கட்கிழமை காலையில் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். ஐஸில் மூன்று நாள் கிடந்த வஞ்சிரம் அதைவிடத் தெம்பாக இருக்கும்.

"ஒரு வண்டி இருந்தா தினமும் நானே போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றீர்கள் ஒரு நாள். வண்டிக்குப் பணமும் சேர்த்திருந்தீர்கள். மெயின் ரோட்டுக் கடையில் ஒரே ஒரு வண்டி இருந்தது. அடுத்த வண்டி எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆனால் அவர் ஒரு கொக்கி போட்டார்: காலுக்குக் கம்பி, பக்கவாட்டுப் பெட்டி, இன்னும் என்னென்னவோ 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்' எல்லாம் சேர்த்து வாங்கினால்தான் வண்டி. அதற்கு உங்களிடம் பணம் இல்லை.

"கொறைக்கச் சொல்லிக் கேட்டீங்களா சார்?"

"கேட்டேனே."

"இன்னான்னு கேட்டீங்க?"

"'குறைக்க முடியாது, இல்லீங்களா?'ன்னு கேட்டேன்."

கூடையை இறக்கி வைத்துச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் கண் சிரிக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம் பாதிக் கூடை மீனோடு உங்கள் கூடக் கிளம்பிவிட்டேன்.

வழியெல்லாம் பாடம் சொன்னேன். "சார், நான் 'வாங்க, இது நமக்குத் தோதுப்படாது'ன்னு சொல்லுவேன். சொன்ன ஒடனே எய்ந்து போய்க்கினே இருக்கணும். திரும்பிப் பாக்கவே கூடாது. பாத்தீங்க, போச்சு. ஆசைப்படறான்னு தெரிஞ்சிகினா விலை எறங்காது." நீங்கள் அக்கறையாகத் தலையாட்டினீர்கள். ஆபீசில் மேலதிகாரி சொன்னால் ஆட்டுவீர்களே, அந்த மாதிரி.

கடைக்குள் போனதும் எனக்கு வண்டியைப் பிடித்துவிட்டது. அரக்கு நிற டேங்கில் என் முகம் தெரிந்தது, கொஞ்சம் அகலமாக. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற பழக்கம் நமக்கு. என்னிடம் துண்டு இல்லை. கூடையைச் சீட்டின் மேல் வைத்தேன்.

கடைக்காரர் பதறினார். "அம்மா, அம்மா! கூடையை வெளிய வைம்மா!"

"வெளிய வெச்சா பூனை துன்னும். நீ குடுப்பியா காசு?"

"இது ஷோரூம்மா!"

"நாங்க இன்னா மீன் மார்க்கெட்டுன்னா சொன்னோம்? விலையைச் சொல்லுபா, போயிடறோம்."

"கம்பெனி ரேட்டும்மா, ஒரு பைசா குறையாது. ஃபிட்டிங்கோட எடுத்தாதான் டெலிவரி. அஞ்சு மணிக்கு குரோம்பேட்டை பார்ட்டி வர்றார், அவர் எல்லாத்தையும் எடுத்துக்கறேன்னுட்டார்."

"ஒரு கூறு சங்கரா கேட்டா, நண்டையும் சேத்து எடுத்தாத்தான் தருவேன்னு நான் சொன்னா நாயமா? எங்க டீச்சரம்மா சேலை சக்கரத்துல மாட்டாம ஒரு சேலை கார்டு, கால் வெக்க ஒரு கட்டை. ரெண்டும் சும்மா குடு. மத்ததெல்லாம் நீயே வெச்சிகினு அழகு பாரு."

முடியாது என்றார். நானும் குரலை ஏற்றினேன். "வாங்க சார், இது நமக்குத் தோதுப்படாது."

நீங்கள் எழுந்தீர்கள். நடந்தீர்கள். அடடா, என்ன நடை! எத்தனையோ பேர் என் கூடையை விட்டு நடந்து போயிருக்கிறார்கள். ஒருவர்கூட அவ்வளவு நன்றாகப் போனதில்லை. கடைக்காரர் வாசல் வரை ஓடினார். "சார்! சார்! ஒரு நிமிஷம் சார்!" நீங்கள் திரும்பவே இல்லை. "சரிம்மா, கால் கட்டை ஃப்ரீ" என்றார் என்னிடம். "சேலை கார்டு?" என்றேன். கொஞ்சம் முனகிவிட்டு அதற்கும் சரி என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். எனக்கோ ருசி கண்டுவிட்டது. சீட்டுக்கு ஓர் உறை கேட்டேன். அவர் மறுத்தார், நான் கெஞ்சினேன், திட்டினேன், அவர் பிள்ளைகுட்டிகளை வாழ்த்தினேன். உறையும் கிடைத்தது. ஜெயித்த மிதப்போடு வாசலுக்கு வந்து பார்த்தால், சார், உங்களைக் காணோம்.

கடிகாரத்தைப் பார்த்தபடி கடைக்காரர் சொன்னார்: "அஞ்சு மணிக்குள்ள சார் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா குரோம்பேட்டைதான்."

ஓடினேன். சோடாக் கடையில் இல்லை, பஸ் ஸ்டாப்பில் இல்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "கண்ணாடி போட்டுகினு, ஒல்லியா, திரும்பிப் பாக்காம போற ஒருத்தரப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். ஒரு பூக்காரம்மா ஸ்டேஷன் பக்கம் கையைக் காட்டினாள். உள்ளே ஓடினால், பிளாட்பாரக் கடைசி பெஞ்சில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் பீச் ரயில் நிற்கிறது.

"சார்! அவரு கூப்பிட்டாரே, காதுல விழலையா?"

"விழுந்துச்சும்மா. நீதானே திரும்பக் கூடாதுன்னே."

"அதுக்குன்னு இங்கியா வருவீங்க?"

"எதுவரைக்கும் போகணும்னு நீ சொல்லலையே. நேரா வந்தேன், ஸ்டேஷன் வந்துடுச்சு." பையிலிருந்து பிளாட்பார டிக்கெட்டை எடுத்துக் காட்டினீர்கள். நீங்கள் மட்டும் சரியாக இருந்தீர்கள். டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்தவள் நான்தான்.

உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். குரோம்பேட்டைக்காரர் வந்துவிட்டிருந்தார். நெற்றியில் பளிச்சென்று விபூதி, கையில் பணப்பை. ஆனால் வண்டிக்கு நாலடி தள்ளி, மூக்கில் கைக்குட்டையோடு நின்றார். கூடை சீட்டிலேயே இருந்தது. ஐஸ் உருகி, டேங்க் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. "எனக்கு வேற வண்டி வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் பேரமே இல்லை. "எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். வண்டி கைக்கு வந்த பிறகு ஒரு நாளும் டீச்சர் படப்பையில் தங்கவில்லை.

மறுபடியும் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சில வருஷம் கழித்து, ஐப்பசி மழையில் யாரும் கடலுக்குப் போகாத ஒரு வாரம். நான் தாம்பரம் பக்கமே வரவில்லை. மழை விட்டதும், உங்களுக்கென்று நாலு சங்கராவை இலை போட்டுத் தனியாக வைத்துக்கொண்டு வந்து, "சார், மீனு!" என்று குரல் கொடுத்தேன். டீச்சர் வந்து நின்றார். "ஆபீசுக்குப் போனாரும்மா. சாயங்காலம் வரலை. வழியிலேயே நெஞ்சு வலி" என்றார். வண்டி உள் நடையில் சாய்ந்து நின்றது. சேலை கார்டில் துரு ஏறியிருந்தது. டீச்சர் மீனை வாங்கிக்கொண்டார். விலை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் விலை படியாமல் யாராவது நடந்தால் எனக்குத் தாங்குவதில்லை சார். இரண்டு அடி வைப்பதற்குள் கூப்பிட்டுவிடுகிறேன். பக்கத்துக் கூடைக்காரி கிண்டல் செய்கிறாள்: "இன்னாக்கா, இன்னும் வாசப்படியே தாண்டல, அதுக்குள்ள கூவறே? யாவாரம் பண்றியா, தர்மம் பண்றியா?" "அவங்களுக்குக் காலு வலிக்கும்டி" என்கிறேன். எதுவரைக்கும் போவார்கள் என்று நமக்கு என்ன தெரியும்?

அன்று நீங்கள் கையெழுத்துப் போட்டதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி நம்பர் எழுதிக் கைக்கு வந்தது. டீச்சரைக் கூட்டிவர நீங்கள் படப்பைக்குக் கிளம்பினீர்கள். அவர் உட்காருவதற்கு முன் சேலை கார்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது என் பொறுப்பு என்றேன். முடிச்சூர் ரோடு முனை வரை நானும் வருவதாக ஏற்பாடு. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். "சரியா உட்காந்துட்டியாம்மா?" என்றீர்கள். "போங்க சார்" என்றேன். வண்டி போனது. நான் போகவில்லை.

முனையில் நிறுத்தவும் மறந்து, படப்பை வரைக்கும் என்னோடு பேசிக்கொண்டே போனீர்களாம். டீச்சர் சொன்னார். பள்ளி வாசலில் நிறுத்தி, "இறங்கும்மா" என்றீர்களாம்.

நான் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தேன். சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் என்னைச் சுற்றி இருந்தது. அந்த வழியாக வந்த ஒரு அம்மாள் குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்டாள். சொன்னேன். பாதிக்குக் கேட்டாள்.